நீரிழிவுக்கு இரைப்பை அறுவை சிகிச்சை: யாருக்குப் பொருந்தும்? காப்பீடு கிடைக்குமா?

இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. இவர்களில் உடல் பருமனும் உள்ளவர்களுக்கு, மருந்துகளால் சர்க்கரை கட்டுப்படாதபோது, இரைப்பை அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் சுமார் 80 சதவீதம் அகற்றப்படுகிறது. 'பைபாஸ்' முறையில், இரைப்பையின் மேற்பகுதி சிறு பையாகப் பிரிக்கப்பட்டு, நேரடியாகச் சிறுகுடலுடன் இணைக்கப்படுகிறது. உண்ணும் அளவு குறைவதுடன், இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஜிஎல்பி-1 ஹார்மோனும் அதிகரிக்கிறது. இதனால், எடை பெரிதும் குறையும் முன்னரே பலருக்குச் சர்க்கரை அளவு குறையத் தொடங்குகிறது.

எனினும், நோய் முற்றிலும் நீங்கிவிடுவதாகக் கருத முடியாது. மருந்தின்றி எச்பிஏ1சி அளவு குறைந்தது 3 மாதங்கள் 6.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால், அது 'நோய்த் தணிவு' எனப்படுகிறது. சில ஆண்டுகளில் நோய் திரும்பவும் கூடும். வைட்டமின் பி12, இரும்புச்சத்து உள்ளிட்டவற்றை வாழ்நாள் முழுவதும் மாத்திரைகளாக உட்கொள்ள வேண்டும்.

ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5-ஐத் தாண்டினாலே இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என 2022-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது நிபந்தனைகளில் வரம்பு 40 ஆகும். கட்டுப்படாத நீரிழிவு போன்ற தீவிர இணைநோய் இருந்தால் 35. இடைப்பட்டவர்கள் செலவைத் தாங்களே ஏற்க நேரிடலாம் என்பதால், பாலிசி நிபந்தனைகளை முன்கூட்டியே சரிபார்ப்பது அவசியம்.