கசக்கும் கச்சானும் 10 என்ற எண்ணும்

கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டுக் கச்சான் வாங்காமல் வீடு திரும்புபவர்கள் குறைவு. நல்லூரிலும் வற்றாப்பளையிலும் வீதியோரம் கச்சான் வறுத்து விற்கும் பெண்களில் பலருக்குத் திருவிழாக் காலம்தான் உழைப்புக் காலம். வாங்கிய கச்சானில் சிலவேளை ஒன்று வாயில் போட்டதும் கசக்கும். துப்பிவிட்டு அடுத்ததை உடைப்போம். துப்புவது நல்லதே. பூஞ்சணம் பிடித்த கச்சானில் அஃப்லடொக்சின் என்ற நச்சு இருக்கக்கூடும். ஆனால் அந்த நச்சைக் கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியாது. கசக்காத கச்சானிலும் அது இருக்கலாம். வறுத்தாலும் முழுமையாக அழியாது. ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும்.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் வான்கோழிகள் இறந்தபோதுதான் இந்த நச்சு உலகின் கவனத்துக்கு வந்தது. பிரேசிலில் இருந்து வந்த கச்சான் பிண்ணாக்கை அவை தின்றிருந்தன. மனிதருக்கு ஈரல் புற்றுநோயை ஏற்படுத்தும் பொருட்களின் பட்டியலில் அது பின்னர் சேர்க்கப்பட்டது.

எங்கள் நாட்டில் இந்தப் பெயர் வீடு வீடாகப் பேசப்பட்டது 2021இல். சித்திரைப் புத்தாண்டுப் பலகாரத்துக்கு எண்ணெய் வாங்கும் நேரத்தில், இறக்குமதி செய்யப்பட்ட சுத்திகரிக்கப்படாத தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருப்பதாகச் செய்தி வந்தது. அந்த அளவு, ஒரு கிலோவுக்கு மொத்தமாக 10 மைக்ரோகிராம். அதாவது ஆயிரம் கிலோ எண்ணெயில் 10 மில்லிகிராம்.

இந்த 10 எங்கிருந்து வந்தது? உணவில் சேர்க்கும் நிறமூட்டி போன்றவற்றுக்கு அளவு நிர்ணயிப்பது ஓரளவு எளிது. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, தீங்கு தெரியாத அளவைக் கண்டுபிடித்து, அதை வழக்கமாக நூறால் வகுப்பார்கள். மரபணுவையே தாக்கிப் புற்றுநோயை உண்டாக்கும் நச்சுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. எந்தச் சிறிய அளவையும் முற்றிலும் ஆபத்தற்றது என்று சொல்ல முடியாது. பூச்சியம் என்று சட்டம் எழுதினால் கச்சானையே தடைசெய்ய வேண்டிவரும். ஆகவே நடைமுறையில் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது என்பதே கொள்கை. அந்த ‘முடியுமோ’ நாட்டுக்கு நாடு மாறுகிறது. நேரடியாக உண்ணும் கச்சானுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 4 மைக்ரோகிராம், அமெரிக்காவில் 20. மேலும் பதப்படுத்தவுள்ள கச்சானுக்குச் சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ் வைத்திருப்பது 15. விஞ்ஞானம் ஒன்றுதான். யாருக்கு எவ்வளவு செலவு, யாருக்கு எவ்வளவு ஆபத்து என்ற கணக்குத்தான் வேறு.

ஐரோப்பாவின் இறுக்கமான அளவால் ஆபிரிக்க நாடுகளின் ஏற்றுமதி வருடத்துக்கு சுமார் 67 கோடி டொலர் குறையும் என்றும், அதனால் தவிர்க்கப்படும் மரணம் நூறு கோடிப் பேருக்கு ஒன்று அல்லது இரண்டுதான் என்றும் உலக வங்கி ஆய்வாளர்கள் 2001இல் கணக்கிட்டார்கள். இது இறுக்கம் வேண்டாம் என்பதற்கான வாதம் அல்ல. திருப்பி அனுப்பப்படும் மூட்டை எங்கே போகிறது என்று கேட்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. பெரும்பாலும் அது விளைந்த நாட்டுச் சந்தைக்கே திரும்பும்.

இன்னொரு விடயம். ஹெபடைட்டிஸ் பி தொற்று உள்ளவருக்கு இந்த நச்சினால் புற்றுநோய் வரும் ஆபத்து, தொற்று இல்லாதவரைவிட ஏறத்தாழ முப்பது மடங்கு என்று உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு மதிப்பிட்டது. கிளினிக்கில் பிள்ளைக்குப் போடும் அந்தத் தடுப்பூசியும் ஒருவகையில் உணவுப் பாதுகாப்புத்தான்.

எண்ணை வர்த்தமானியில் போட்டுவிட்டால் போதாது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தைக் களத்தில் நடைமுறைப்படுத்துபவர்கள் சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருமே. பரிசோதகர் கடையில் மாதிரி எடுத்தால் அதை மூன்றாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று பகுப்பாய்வாளருக்கு, மற்றது பின்னர் தகராறு வந்தால் பார்ப்பதற்கு. கடைக்காரருக்கு ஒரு பங்கு கொடுப்பது அவருடைய பாதுகாப்புக்காக. சிறு வியாபாரிகள் பலருக்கு அப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே தெரியாது.

ஆனால் கச்சானில் மாதிரி எடுப்பதே பெரும் சிக்கல். நூறு பருப்பில் தொண்ணூற்றொன்பது சுத்தமாக இருக்க, ஒன்றில் மட்டும் நச்சு குவிந்திருக்கலாம். மூட்டையின் மேலிருந்து அள்ளிய ஒரு பிடி எதையும் நிரூபிக்காது. அதனால்தான் கோடெக்ஸ் ஒரு தொகுதிக்கு 20 கிலோ மாதிரி கேட்கிறது. துறைமுகத்தில் கொள்கலனுக்கு அது சரி. முப்பது கிலோ வறுத்து விற்கும் பெண்ணிடம் இருபது கிலோ கேட்க முடியுமா?

கென்யாவில் 2004இல் நடந்தது இன்னும் கொடியது. ஈரத்தோடு சேமித்த சோளத்தை உண்டு 317 பேர் நோயுற்றார்கள், 125 பேர் இறந்தார்கள். நச்சு பெரும்பாலும் வீட்டிலேயே விளைந்த சோளத்தில் இருந்தது. வறட்சியும் பசியும் இருந்த காலம், வீசிவிட மனம் வரவில்லை. இடம்பெயர்ந்த காலத்தில் பூஞ்சணம் பிடித்த மாவை அரித்துச் சமைத்தவர்களுக்கு அந்த மனநிலையை விளக்கத் தேவையில்லை. எந்தப் பரிசோதகரும் அடுப்படி வரை வருவதில்லை.

ஆகவே காப்பு தொடங்குவது களத்தில். முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் கச்சான் பிடுங்கும் நேரத்தில் மழை வந்தால் நிலத்தில் பரப்பியே காயவைக்கிறார்கள். அந்த ஈரத்தில்தான் பூஞ்சணம் வளர்கிறது. பருப்பில் ஈரம் ஏறத்தாழ 7 வீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காயவேண்டும். தறப்பாளில் பரப்புவது, பின்னேரம் கூட்டி மூடுவது, சுருங்கியதையும் வெடித்ததையும் பொறுக்கிப் போடுவது, சாக்கைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகையில் அடுக்குவது எல்லாம் வீட்டாரால் முடிந்தவை. ஈரமானி வாங்குவது ஒரு குடும்பத்தால் முடியாது. கமக்காரர் அமைப்புக்கு ஒன்றாவது கொடுப்பது அரசின் வேலை. தண்டப்பணம் விதிப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலையும் அதுதான்.

பொறுக்கி ஒதுக்கிய பழுதை மாட்டுக்குப் போடுவது எங்கள் வழக்கம். அதை நிறுத்த வேண்டும். பசுவின் உடலில் அந்த நச்சு வேறு வடிவம் எடுத்துப் பாலில் வருகிறது. பாலுக்குக் கோடெக்ஸ் விதித்துள்ள அளவு கிலோவுக்கு அரை மைக்ரோகிராம், கச்சானுக்கு உள்ளதில் முப்பதில் ஒரு பங்கு. பாலைக் குடிப்பவர்களில் பலர் குழந்தைகள் என்பதால்.