கிடார் ஏன் உறுமுகிறது?



போன வருஷம் கல்லூரி விழா ஒத்திகை. பழைய எலக்ட்ரிக் கிடார் ஒன்றையும், பரணில் கிடந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் தட்டிக்கொட்டிச் சரிசெய்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு கேபிளை மைக் செட்டுக்கும் கொடுத்தேன். ஆன் செய்ததும் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரே உறுமல்.

“டேய், அரக்கோணத்துல 25,000 வோல்ட் ஒயர் ஓடுது. உறுமாம என்ன செய்யும்?” என்றான் மெக்கானிக்கல் நண்பன்.

நான்தான் எலக்ட்ரானிக்ஸ் மாணவனாச்சே! ஆம்ப்ளிஃபயரின் த்ரீ பின் பிளக்கைத் திறந்து எர்த் ஒயரைக் கழற்றிவிட்டேன். உறுமல் அடங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு சத்தம் நன்றாக வரட்டும் என்று அந்தக் கேபிளையும் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கர் முன்னால் ஒரு மைக்கை வைத்தோம். கிடாரைப் பிடித்தபடி பாட வந்த நண்பனின் உதடு மேடை மைக்கில் பட்டதுதான் தாமதம், அலறிக்கொண்டு பின்னால் விழுந்தான். நல்லவேளை, உதடு மரத்துப்போனதோடு தப்பித்தான். தப்பு முழுக்க என்னுடையது. அன்று நான் படித்த பாடமே இந்தக் கட்டுரை.

கம்பி பேசும் விதம்

எலக்ட்ரிக் கிடாரில் தந்திகளுக்குக் கீழே இருப்பது ‘பிக்கப்’. நிலைக்காந்தங்களைச் சுற்றி, தலைமுடி போன்ற எனாமல் செம்புக் கம்பி சுமார் 8,000 சுற்று. எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும். சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே விதிதான், வேறொன்றுமில்லை. நைலான் தந்தி போட்டால் பேசாது.

இந்தக் கிடாரைப் பெருவாரியாகச் செய்து விற்ற லியோ ஃபெண்டர், 1938ல் கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது! ஆனாலும் 1954ல் அவர் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் இன்றும் விற்கிறது.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. மாண்டலின் யு. சீனிவாஸ் (1969-2014), ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தி கொண்ட மாண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்தி கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். ஒற்றைத் தந்தியில் கமகம் கொடுப்பது எளிது. சீக்கிரம் அடங்கிவிடும் நாதத்தை ஆம்ப்ளிஃபயர் தாங்கிப் பிடிக்கும்.

உறுமலைக் கண்டுபிடிப்பது

முதலில் கிடாரின் வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். உறுமல் நின்றால் குறை கிடார் பக்கம். நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபயர் பக்கம் அல்லது எர்த் இணைப்பில்.

பிறகு ஆறாவது தந்தியை மூன்றாவது கட்டத்தில் அழுத்தி மீட்டுங்கள். அது சுமார் 98 ஹெர்ட்ஸ். உறுமல் அந்தச் சுருதியை ஒட்டியிருந்தால் 100 ஹெர்ட்ஸ். ஃபுல்வேவ் ரெக்டிஃபயருக்குப் பின்னாலுள்ள ஃபில்டர் கண்டன்சர் காய்ந்துபோயிருக்கலாம். அதே மதிப்பு, அதே வோல்ட் அல்லது அதற்கு மேல் பார்த்து மாற்றுங்கள். வால்வு செட்டில் அந்தக் கண்டன்சர், சுவிட்சை அணைத்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கும்; டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

அதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலித்தால் 50 ஹெர்ட்ஸ். கிடாரோடு நீங்கள் திரும்பி நிற்கும்போது சத்தம் கூடிக் குறைந்தால், பக்கத்து டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலத்தைப் பிக்கப் சுருள் வாங்குகிறது. ரயில் மின்பாதையும் இப்படித் தூண்டக்கூடியதுதான். அதனால்தான் பாதையோரத் தொலைபேசிக் கம்பிகளைப் பூமிக்கடியில் கேபிளாக மாற்றினார்கள். இதற்கு மருந்து 1955ல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் உருவாக்கிய ஹம்பக்கர். இரண்டு சுருள், எதிரெதிர்ச் சுற்று, எதிரெதிர்க் காந்தம். உறுமல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். தந்தியின் சிக்னல் கூடும்.

மைக் செட்டில் மங்குவது ஏன்?

கிடாரை நேரே மைக் இன்புட்டில் செருகினால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். பிக்கப்புக்கு 1 மெகாஓம் அளவு இன்புட் வேண்டும். மைக் இன்புட் சில ஆயிரம் ஓம்தான். நாம் லேபில் கிராஃப் வரையும் பி.எஃப்.டபிள்யூ 10 எஃப்.இ.டி. போதும். கேட்டிலிருந்து தரைக்கு 1 மெகாஓம், சோர்ஸில் 2.2 கிலோஓம், டிரெய்னுக்கு 9 வோல்ட் பேட்டரி. 0.1 மைக்ரோஃபாரட் வழியாக உள்ளே, 10 மைக்ரோஃபாரட் வழியாக வெளியே. பரீட்சைக்குப் படித்த சோர்ஸ் ஃபாலோயர் இதுதானா என்று நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

எர்த்தில் கை வைக்காதே

இப்போது என் தப்புக்கு வருவோம். ஆம்ப்ளிஃபயருக்கும் மைக் செட்டுக்கும் தனித்தனி எர்த். கேபிளின் ஷீல்டும் இரண்டையும் இணைத்தது. அந்த வளையத்தில் ஓடிய மின்னோட்டமே உறுமல். எர்த்தைக் கழற்றியதும் வளையம் அறுந்தது, சரி. ஆனால் அதற்குப் பிறகு ஆம்ப்ளிஃபயருக்கு எர்த்தாக இருந்தது அந்த ஷீல்டு மட்டும். கேபிளையும் பிடுங்கியபோது அதுவும் போயிற்று. பழைய டிரான்ஸ்பார்மரின் லீக்கேஜ் சேசிஸ் வழியாகக் கிடார் தந்திக்கு வந்துவிட்டது. மைக்கோ எர்த்தில் இருந்தது. நடுவில் நண்பன்! லேப் சார் மீட்டர் வைத்துப் பார்த்தபோது தந்திக்கும் மைக்குக்கும் இடையே 110 வோல்ட்.

1972ல் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டு இறந்தார். 1976ல் யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப், எர்த் சரியில்லாத கிடாரால் வீட்டிலேயே இறந்தார்.

ஆகவே, எல்லா செட்டையும் நல்ல எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து எடுங்கள். அப்படியும் உறுமினால் சிக்னல் கேபிளில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போடுங்கள். போர்டுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும். பாடுவதற்கு முன் தந்திக்கும் மைக்குக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். அரை நிமிஷம்கூட ஆகாது.

விழா அன்று வேறு ஆம்ப்ளிஃபயர், ஒரே போர்டு, மீட்டர் பரிசோதனை எல்லாம் முடித்துத்தான் நண்பனை மேடை ஏற்றினோம். கொஞ்சம் உறுமத்தான் செய்தது. உறுமட்டும்! அவன் முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டுத்தான் இறங்கினான்.