மழைக்காலத்தில் பியானோ

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும், ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் நிரம்பி, கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல்கள் தண்ணீரில் நிற்க, கடற்காற்றும் தன் பங்குக்கு ஈரத்தையே சுமந்துவரும் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில், வீட்டுக் கதவுகள் நிலையோடு இறுகிக்கொள்வது யாவரும் அறிந்த விஷயம். அதே மரத்தாலும், மரத்தைவிட ஈரத்துக்கு இளகிக் கொடுக்கும் கம்பளியாலும் ஆன பியானோ என்னும் வாத்தியம் இந்த நியதிக்கு விலக்காக இருக்க முடியாது. வேனிலில் விரலுக்கு இசைந்து எழுந்து தாழ்ந்த கட்டை, கார்த்திகையில் அழுத்தியது அழுத்தியபடியே நின்றுவிடுகிறது. உடனே வீட்டார் எண்ணெய்ப் புட்டியைத் தேடுகிறார்கள். செய்யவே கூடாத காரியம் அதுதான். மரமும் கம்பளியும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். தூசி அதில் பசைபோல் படியும். அற்ப சிரமமாக இருந்தது நிரந்தர வியாதியாகிவிடும்.

ஃப்ளாரன்ஸ் நகரத்துக் கிறிஸ்தோஃபோரி என்பவர் 1700ஆம் ஆண்டை ஒட்டி உருவாக்கிய இவ்வாத்தியத்தில் விரலுக்கும் தந்திக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. விரல் கட்டையைத் தாழ்த்த, கட்டையின் பின்முனை எழுந்து ஒரு நெம்புகோலை உயர்த்த, அதன்மேல் நிற்கும் சிறு உந்துகோல் சுத்தியலைத் தள்ளிவிட்டுச் சட்டென்று விலகிக்கொள்ள, சுத்தியல் தன் வேகத்தாலேயே தந்தியைத் தொட்டுத் திரும்புகிறது. 88 கட்டைகளுக்கும் தனித்தனியாக இந்த ஏற்பாடு உண்டு. நெம்புகோலும் உந்துகோலும் சுத்தியலும் திரும்புகிற ஒவ்வொரு கீலிலும் ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிமீட்டர் கனமுள்ள உலோக ஆணி ஒன்று, கம்பளித் துணி பதித்த துளைக்குள் சுழல்கிறது. கட்டையும் இவ்வாறே இரண்டு ஆணிகளின்மேல், கம்பளி வைத்த துளைகளோடு அமர்ந்திருக்கிறது. அந்தக் கம்பளி ஒரு மயிரிழை பருத்தால் போதும், அசைவு தடைப்படும்.

ஆகவே எது ஒட்டுகிறது என்று கண்டுபிடிப்பதே சிகிச்சையில் முக்கால் பங்கு என்பது என் அபிப்பிராயம். செங்குத்தாக நிற்கும் வகைப் பியானோவின் மேல்மூடியைத் திறந்தால் சுத்தியல் வரிசை கண்ணுக்குத் தெரியும். தாழ்ந்த கட்டையின் முன்முனையை விரலால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். இறுக்கமாகத் தயங்கி எழுந்தால் குற்றம் கட்டையிலேயே இருக்கிறது. அதை இருபுறமும் இலேசாக ஆட்டினால் இருக்கவேண்டிய அணுவளவு தளர்ச்சி அங்கே இராது. கட்டை தானாக எழுந்துவிட, சுத்தியல் மட்டும் தந்தியருகே சோம்பி நின்றால் சுத்தியலின் கீல் இறுகியிருக்கிறது. இரண்டும் ஸ்தானத்துக்குத் திரும்பியும் மறுமுறை அழுத்தினால் ஒலி எழாவிட்டால், உந்துகோல் தன் இடத்துக்கு மீளவில்லை என்று அர்த்தம். விரலை எடுத்த பின்னும் நாதம் நீடித்தால் தந்தியை அடக்கும் உறுப்பைச் சந்தேகிக்க வேண்டும். பக்கத்துக் கட்டைகள் பலவும் ஒருங்கே தடைப்பட்டால், அவற்றின் முன்னால் ஓடும் மரச்சட்டம் பருத்து உரசுகிறதா என்று பார்ப்பது நல்லது. குழந்தைகளுள்ள வீட்டில் காசும் பென்சில் துண்டும் இடுக்கில் கிடப்பது அபூர்வமன்று.

பழைய வாத்தியங்களில் இன்னொரு காரணமும் உண்டு. கட்டையின் எடையைச் சமன் செய்யப் பக்கவாட்டில் பதித்த ஈயக் குண்டுகள் ஈரத்தில் வெண்மாவு பூத்து, மெல்ல வீங்கி, அடுத்த கட்டையோடு உராயத் தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கட்டையைக் கழற்றிப் பக்கத்தைப் பார்த்தால்தான் அந்த வெண்படலம் புலப்படும். உஷ்ண தேசங்களுக்கென்று பியானோ செய்து அனுப்பிய ஐரோப்பியர்கள், பசையை மட்டும் நம்பாமல் திருகாணிகளையும் சேர்த்தார்கள் என்றால், நம் சீதோஷ்ணத்தை அவர்கள் எவ்வளவு அஞ்சினார்கள் என்பது விளங்கும்.

பியானோ இல்லாத ஊர்களில் பஜனைக்கும் ஆராதனைக்கும் பயன்படும் ஆர்மோனியத்துக்கும் இந்த நியாயமே பொருந்தும். பாரிஸில் தெபேன் என்பவர் 1842இல் காப்புரிமை பெற்ற அந்த வாத்தியத்தின் கட்டைகளும் மரத்தாலானவையே. மழையில் அவையும் அடைத்துக்கொள்ளும்.

பியானோவுக்குப் பரிகாரம் செய்யும் கை தேர்ந்த கையாக இருக்கவேண்டும். கட்டைத் துளையின் கம்பளியை அதற்கென்று உள்ள இடுக்கியால் சற்றே அழுத்தித் தளர்த்துவார்கள். கீல் இறுகினால் ஆணியை எடுத்துத் துளையைச் சீர்செய்து மீண்டும் பொருத்துவார்கள். ஆனால் கார்த்திகை ஈரத்தில் முழுவதும் தளர்த்திய கட்டை, சித்திரை வெயிலில் கம்பளி வற்றியதும் கடகடவென்று ஆடும். அதனால் வாத்தியத்தை வெளிச்சுவரை விட்டு உள்ளே தள்ளி வைத்து, மழைநாட்களில் ஜன்னலை மூடி, வசதியுள்ளவர்கள் உள்ளே ஈரம் போக்கும் சிறு மின்சாரச் சூட்டுத்தண்டு பொருத்தி, முதலில் ஈரத்தைக் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகும் மாசி மாதத்தில் எந்தக் கட்டை ஒட்டுகிறதோ அதற்குத்தான் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும்.