ஒருபக்கக் கூர்க் கத்தி

யப்பானியச் சமையற் கத்திகளின் புகழ் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அலகின் பளபளப்பில் மயங்கி அவற்றைப் பெரும் விலை கொடுத்து வாங்குவோர் சிலர், சின்னாட்களில் வாய் முரிந்த கத்தியைப் பெட்டியில் இட்டு மூடிவிடுகின்றனர். தம் கைக்கும் தொழிலுக்கும் ஏலாத கத்தியைத் தெரிந்தமையே அதற்குக் காரணமாகும். ஆதலின், தெரியும் முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நம் இல்லங்களிலுள்ள கத்திகளின் வாய் பெரும்பாலும் இருபுறமும் சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும். நாம் இங்குக் கூறப்புகுந்த கத்தியோ தச்சனின் உளியை ஒத்தது. அதன் ஒரு முகமே சரிவாக இறங்கும். மறுமுகம் தட்டையாகத் தோன்றினும், உற்று நோக்கின் அதன் நடுவே மெல்லிய குழிவொன்று புலப்படும். வெட்டிய துண்டு அலகில் ஒட்டாது விலகுவதற்கும், தீட்டும்போது ஓரம் மட்டுமே கல்லிற் படிவதற்கும் இக்குழிவே துணையாகின்றது.

இக்கத்திகளுக்குப் பேர்போன இடம் ஒசாக்காவை அடுத்த சாக்காய் நகரம். 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் வழியாகப் புகையிலை யப்பானை அடைந்தபின், அதனை அரியும் கத்திகளால் இந்நகரக் கொல்லர் பெயர் பெற்றனர். இரும்பை அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், பிடி பொருத்துபவர் ஒருவர் எனத் தொழிலைப் பகுத்துச் செய்வது அவர் மரபு. 1982இல் யப்பானிய அரசு இதனைப் பாரம்பரியக் கைத்தொழிலாக அங்கீகரித்தது.

கத்தியைத் தெரியுமுன், 'எதனை வெட்டப் போகின்றோம்?' என்று நம்மை நாமே வினவுதல் வேண்டும். பச்சை மீனை இழைகளாகச் சீவுவதற்கு உரியது 'யனகிபா'. இது நீண்டு ஒடுங்கியது. 270 மில்லிமீற்றர் அளவினது பெரிதும் வழங்குகின்றது. முன்னும் பின்னும் அறுக்காமல் ஒரே இழுப்பில் வெட்டுவதற்கே இத்துணை நீளம். மீனின் தலையைக் கொய்து, முள்ளினின்று தசையைப் பிரிப்பதற்கு உரியது 'டெபா'. இது முதுகு தடித்துக் கனத்திருக்கும். வீட்டுக்கு 150 முதல் 180 மில்லிமீற்றர் வரை போதும். காய்கறிக்கு உரியது 'உசுபா'. முள்ளங்கியை அறாத ஏடாக உரித்தெடுப்பதற்கு இதனைப் பயன்படுத்துவர். எனினும், பழகாதார் கையில் இது பக்கவாட்டில் விலகிச் செல்லுமாதலின், முதற் கத்தியாக இதனை வாங்குதல் தகாது. மீன் மிகுதியாகச் சமைக்கும் இல்லத்தார் டெபாவிலிருந்து தொடங்குதல் நன்று என்பது நம் கருத்து.

அடுத்து நோக்கற்பாலது கை. வழக்கமான கத்தியில் வலக்கையாளருக்கு ஏற்பச் சரிவு வலப்புறத்தில் இருக்கும். இடக்கையாளர் அதனைப் பிடித்தால் வெட்டு கோணிப்போகும். அவருக்கெனத் தனியே செய்யப்படும் கத்திகள் உள. விலை சற்றுக் கூடுதலாக இருக்கும். வீட்டில் கத்தியை ஆளுபவர் எக்கையாளர் என்பதை அறியாது பரிசளிப்பது வீண்செலவாகும்.

உருக்கிலும் வேறுபாடுண்டு. 'வெள்ளைத்தாள்' உருக்கு எளிதிற் கூர் ஏறும். 'நீலத்தாள்' உருக்கு, குரோமியமும் தங்குதனும் சேர்ந்தமையாற் கூரை நெடிது காக்கும். இப்பெயர்கள் உருக்கின் நிறத்தைக் குறிப்பன அல்ல. தொழிற்சாலையில் ஒட்டும் தாளின் நிறத்தால் வந்தவை. இரண்டும் துருப்பிடிப்பவை. ஈரமும் உப்பும் நிறைந்த சமையலறையில் உடனுக்குடன் துடைக்க இயலாதவர், துருவேறா உருக்கிற் செய்ததை நாடுதல் நலம்.

கடையில் முதலில் மறுமுகத்தைத் திருப்பிப் பாருங்கள். குழிவைச் சூழ்ந்த ஓரம் ஒரே சீராக இருத்தல் வேண்டும். பின்னர், அலகைக் கண்ணுக்கு நேரே நீட்டி வளைவோ முறுக்கோ உளதா என நோக்குங்கள். முகப்பின் மினுக்கம் இக்குறைகளை மறைத்துவிடக்கூடும்.

கத்தியுடன் தீட்டுகல்லும் வாங்குதல் இன்றியமையாதது. சரிவான முகத்தையே நன்கு தீட்டல் வேண்டும். மறுமுகத்தைக் கல்லில் முற்றும் படியவைத்துப் பிசிர் நீங்குமளவு மெல்லத் தேய்த்தாற் போதும். அதனை அளவிறந்து தேய்ப்பின் குழிவு அழியும். கத்தியின் சிறப்பும் அத்துடன் ஒழியும். உறைந்த மீனையும், கடின ஓட்டுப் பூசணியையும், பெருவிலங்கின் எலும்பையும் இக்கத்திகளால் வெட்டலாகாது.

கல்லின்முன் அமர்ந்து தீட்டும் பொறுமை வீட்டில் எவருக்கும் இல்லையெனில், இவற்றை வாங்காதிருத்தலே சிக்கனம். யப்பானிய இல்லங்களிற்கூட அன்றாடம் பெரிதும் வழங்குவது இருபுறமும் தீட்டிய 'சந்தொக்கு' என்னும் கத்தியே. காய், மீன், இறைச்சி என்னும் மூன்றுக்கும் அது போதியது.