மாத்திரைக்கும் சர்நேம் உண்டு

டில்லிக்கு வந்த புதிதில் நம்மில் பலருக்கும் நேர்ந்த தொல்லை ஒன்று உண்டு. ரேஷன் கார்டுக்குப் போனாலும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனாலும், "சர்நேம் என்ன?" என்று துளைத்துவிடுவார்கள். இனிஷியலைச் சொன்னால் குமாஸ்தாவுக்குத் திருப்தி வராது. முப்பது வருடங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று ஓய்வு பெற்றவன் நான். மனிதருக்குச் சர்நேம் அவசியமோ இல்லையோ, மாத்திரைக்கு அவசியம். அதைக் கவனிக்காமல் விட்டதால் என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகனுக்கு அலாட் ஆன லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு, ஒரு குளிர்காலத்தில் கும்பகோணத்திலிருந்து என் அண்ணா வந்து மூன்று மாதம் தங்கினார். வயது எழுபத்து நான்கு. பத்து வருடமாக ரத்தக் கொதிப்பு. ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் காலை டிபனுக்குப் பின் தவறாமல் போட்டுக்கொள்பவர். டில்லிக் குளிர் அவர் முழங்காலைப் பிடித்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு நடந்து போய் சேப்பங்கிழங்கும் வாழைக்காயும் வாங்கி வருவதில் அவருக்கு அலாதி சந்தோஷம். அதை விட மனமில்லாமல் கடையில் வலி மாத்திரை வாங்கித் தினம் இரண்டு விழுங்கியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. வீட்டில் ஒரு ஃபார்மஸிஸ்ட் இருந்தால் அவனிடம் மட்டும் எதையும் கேட்கக் கூடாது என்பது குடும்பங்களில் எழுதாத சட்டம் போலும்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பார்க்கில் இலவச மருத்துவ முகாம். அண்ணா காலையில் காபி குடித்த கையோடு வேகமாக நடந்து போய், உட்கார்ந்த உடனே கையை நீட்டியிருக்கிறார். 170/100 என்றார்கள். "ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "ஒரு சின்ன வெள்ளை மாத்திரை" என்று பதில். வெள்ளை மாத்திரை உலகத்தில் ஆயிரம் இருக்கிறது. அவர் ஒரு புது மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து காலையில் கும்பகோணம், ராத்திரியில் டில்லி.

மூன்றாவது வாரம் கணுக்கால் இரண்டும் வீங்கி ஷூ நுழையவில்லை. குளிர்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தோம், நான் உள்பட. பிறகு ஒரு நாள் விடியற்காலை பாத்ரூம் போக எழுந்தவர், தலை சுற்றி, கதவைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. அப்போதுதான் இரண்டு அட்டைகளையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். கும்பகோணம் அட்டையில் அம்லோடிபின் 5 மில்லிகிராமும் அட்டெனலால் 50 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை. டில்லி அட்டையில் டெல்மிசார்டான் 40, அம்லோடிபின் 5. மேலே பெரிதாக அச்சடித்திருந்த கம்பெனிப் பெயர்களைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உள்ளே அம்லோடிபின் இரண்டிலும் இருந்தது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சமாகக் கொடுக்கிற அளவு 10 மில்லிகிராம். யாரும் எழுதிக் கொடுக்காமலே அண்ணா அதை எட்டிவிட்டார். கூடவே வேறு இரண்டு மருந்து. கணுக்கால் வீக்கம் அம்லோடிபினுக்குரிய பக்க விளைவு. அளவு கூடக் கூட அதுவும் கூடும்.

"அப்படியானால் ஊர் மாத்திரையை நாளையிலிருந்து நிறுத்திவிடுகிறேன்டா" என்றார் அண்ணா.

"அண்ணா, அதை மட்டும் செய்யாதீர்கள்" என்றேன். அதில் இருந்த அட்டெனலால், இதயத்தின் வேகத்தை மட்டுப்படுத்தும் மருந்து. வருடக் கணக்கில் கடிவாளம் போட்டிருந்த குதிரையைத் திடீரென்று அவிழ்த்து விட்டால் என்ன ஆகும்? நாடி எகிறும், ரத்த அழுத்தம் ஏறும். இதயத்தில் அடைப்பு உள்ளவர்களுக்கு மார்வலியோ மாரடைப்போ கூட வரலாம். இந்த மருந்தை நிறுத்த வேண்டுமானால் டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

அன்றே எல்லா அட்டைகளையும், வலி மாத்திரை உள்பட, ஒரு பையில் போட்டு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் முதலில் எடுத்து வைத்தது வலி மாத்திரையைத்தான். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் பிடித்து வைக்கச் செய்யும். அதனால் ரத்த அழுத்தம் ஏறும், கொதிப்பு மருந்தின் வேலையும் கெடும். ஆக, முழங்கால் வலிக்கு ஒரு மாத்திரை, அது ஏற்றிவிட்ட அழுத்தத்துக்கு இன்னொரு மாத்திரை, அது கொண்டுவந்த வீக்கத்துக்கு மூன்றாவதாக ஒன்று வராமல் தப்பித்தோம். வலி மாத்திரையும் டில்லி மாத்திரையும் நின்றன. முழங்காலுக்குப் பாராசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும். ரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம் பார்க்கச் சொன்னார். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் வைத்துப் பார்த்ததில் 138/82. காபி குடித்தால் அரை மணி கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்பதையும் அண்ணா ஒருவழியாக ஏற்றுக்கொண்டார்.

இனி சர்நேம் விஷயத்துக்கு வருகிறேன். அட்டையில் 'ஐ.பி.' என்ற இரண்டு எழுத்துக்கு முன்னால் இருப்பதுதான் மருந்தின் சொந்தப் பெயர். அதன் கடைசி அசை குடும்பத்தைக் காட்டும். 'டிபின்' என்று முடிந்தால் கால் வீக்கத்தைக் கவனியுங்கள். 'பிரில்' என்றால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். டில்லிப் புகையின் மேல் பழி போட்டு மாதக் கணக்கில் சிரப் குடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'லால்' என்றால் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 'சார்டான்', 'பிரில்' இரண்டும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. குழந்தைக்குத் தீங்கு செய்யும். இந்த இரண்டு குடும்பத்தாரும் கடையில் கிடைக்கும் 'லோ சோடியம்' உப்பை டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. அதில் சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பே தடம் மாறும். உப்பைக் குறைக்க வேண்டுமானால் அப்பளத்தையும் வடு மாங்காயையும் குறைக்கலாமே! (இதை எழுதும்போது என் மனைவி சிரிக்கிறாள், காரணம் கேட்காதீர்கள்.)

"இங்கிலீஷ் மருந்தே வேண்டாம், மூலிகை கெடுதல் செய்யாது" என்று சொல்ல ஒருவர் எங்கும் இருப்பார். நம் கரோல் பாகிலேயே அதற்கு ஒரு பதில் இருக்கிறது. அங்கே காந்திஜி 1921-இல் திறந்து வைத்த திப்பியா கல்லூரியை எல்லோரும் கடந்து போயிருப்போம். ஹகீம் அஜ்மல் கான் உருவாக்கிய அந்தக் கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற ரசாயன விஞ்ஞானி, சர்ப்பகந்தா வேரிலிருந்து 1931-இல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, ஹகீமின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். அதே வேர் ரத்தக் கொதிப்பைத் தணிப்பதை பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுத, உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெஸர்பின் பிரிக்கப்பட்டு மாத்திரையானது. நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்குவது தெரியவந்து, வேறு மருந்துகள் வர வர ஒதுங்கிப் போயிற்று. வேரில் இருந்தாலும் அட்டையில் இருந்தாலும் மருந்து மருந்துதான். ஆகவே டாக்டரிடம் எடுத்துப் போகும் பையில் லேகியமும் சூரணமும் கூட இருக்கட்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். அம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அழுத்தம் ஏறினால் நிஃபெடிபின் குளிகையை உடைத்து நாக்கின் அடியில் விடும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. என் ஜன்னலிலேயே கேட்டு வாங்கிப் போவார்கள். அழுத்தம் படாரென்று விழுந்து பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததை எடுத்துக்காட்டி, அதைக் கைவிடச் சொல்லி 1996-இல் அமெரிக்க மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. பழைய குளிகை யார் வீட்டு அலமாரியிலாவது இருந்தால் குப்பையில் போடுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மே, ஜூன் வெயிலில் தலைசுற்றல் வந்தாலோ, வாந்தி பேதி கண்டாலோ, அன்றைக்கே டாக்டரைக் கேட்க வேண்டும்.

பிப்ரவரியில் அண்ணாவைத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டோம். மருந்துகளின் சொந்தப் பெயர், அளவு, எந்த வேளைக்கு, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தபால் அட்டை அளவில் எழுதி, சட்டைப் பையில் டிக்கெட்டோடு வைத்துக் கொடுத்தேன். மதுராவைத் தாண்டும் முன் போன் வந்தது. டிக்கெட் பரிசோதகரிடம் டிக்கெட்டுக்குப் பதில் அதை நீட்டினாராம். அவர் படித்துப் பார்த்து, "நானும் இந்த டெல்மிசார்டான்தான் சாப்பிடுகிறேன், உங்களுக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?" என்று எதிர் சீட்டில் உட்கார்ந்துவிட்டாராம்.