பந்தா, பேட்டா? ரெண்டையும் கொடுங்க!

நெய்வேலி டவுன்ஷிப்ல எந்த பிளாக் கிரவுண்டுக்கு வேணா போங்க பாஸ்... 'எனக்கு பேட்டிங், பவுலிங் ரெண்டும் வரும்'னு ஒருத்தர் அலப்பறை கொடுப்பார். அவர்கிட்ட நம்ம அஸ்வின் கணக்கைக் காட்டுங்க! எஸ்.எஸ்.என். கல்லூரியில் ஐ.டி. படிச்சவர். 106 டெஸ்ட்களில் 537 விக்கெட், 3,503 ரன், 6 சதம். ஒரே டெஸ்ட்டில் சதமும் 5 விக்கெட்டும் எடுத்தது மட்டும் நாலு தடவை!

இவ்வளவு இருந்தும், 2023 ஜூனில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலில் இவருக்கு பெஞ்சுதான். அப்போ பவுலிங் ரேங்கிங்கில் நம்பர் ஒன் யார் தெரியுமா? இவரேதான். கொடுமை!

15 மாசம் கழிச்சு சேப்பாக்கம். வங்கதேசத்துக்கு எதிரா இந்தியா 6 விக்கெட்டுக்கு 144-னு தள்ளாடுது. எட்டாவதா இறங்கி 113 ரன் வெளுத்தார். நாலாவது இன்னிங்ஸில் பந்தை வாங்கி, 88 ரன்னுக்கு 6 விக்கெட். ஆட்டநாயகன் யாருன்னு கேட்கணுமா என்ன?