விவாக முகூர்த்தமும் பகலொளியும்

மங்கல நாண் பூட்டும் கணம் ஒருமுறையே வருவது. அதனைப் பின்னோர்க்குக் காட்டுவது நிழற்படம். படத்திற்கு உயிர் ஒளியே. ஆதலின் முகூர்த்தம் குறிக்குங்கால் சூரியனையும் கருதுதல் நன்று.

சங்கரன்கோவிலை அடுத்த பனவடலிசத்திரத்தில் ஆனி மாதத்து நெடும்பகலுக்கும் மார்கழிக் குறும்பகலுக்கும் வேற்றுமை ஏறக்குறைய 1 மணி நேரமே. எனினும் உதயவேளை மாறுபடுகின்றது. ஆனியில் 6 மணிக்குச் சற்றுப் பின் எழும் சூரியன், தையில் 6-40 மணியளவிலேயே எழுகின்றான். எனவே 6 மணி முகூர்த்தம் ஆனியில் விடியலொளியிலும், தையில் இருளிலும் நிகழும். ஐப்பசிப் பிற்பகுதியில் மாலை 6 மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைவான். வடகிழக்குப் பருவமழை முகிலும் ஒளியைக் குறைக்கும்.

மிகுந்த ஒளியும் தீங்கே. இவ்வூர் ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்திலுள்ளதால், சித்திரைப் பிறப்பையொட்டியும் ஆவணி நடுவிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்பான். அவ்வேளை வெளியில் எடுக்கும் படத்தில் கண்குழிகளிற் கருநிழல் படியும்.

பஞ்சாங்கம் ஒரே நாளில் இரு நல்வேளை தருமாயின், உதயத்திற்குப் பின் 1 மணி முதல் 2 மணி வரை அமைவதைத் தெரிக. அவ்வாறு அமையாவிடில் முகூர்த்தத்தை மாற்றவேண்டுவதில்லை. மண்டபத்துள் விளக்கொளி போதும். ஆனால் குடும்பப் படத்தை விருந்து முடியும்வரை தள்ளிவைத்தல் தகாது. காலையிலேயே கிழக்கு நோக்கிய தாழ்வாரத்தில், முதியோரை முதற்கண் அமர்த்தி எடுத்திடுக. மணமக்களை மறுநாளும் படமெடுக்கலாம். பாட்டனாரும் பாட்டியாரும் உடனமர்ந்த அக்காலை மீண்டும் வாராது.